பாதியில் நின்ற பிரசங்கம்

பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குப் பின்னால் உள்ள தகர ஷெட்டில் அன்று ஆராதனைக்கு வந்தவர்கள்: வாசலை ஒட்டி ஆடு வளர்க்கும் பழனி, ஃபேனுக்குக் கீழே பத்மினியும் அவள் மாமியாரும், முன்பாயில் விதவை வசந்தா, அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்ரீசிட்டி கம்பெனி வேலையிலிருந்து லீவில் வந்த ஒரே மகன் தருண். போதகர் ஜெபகுமார் பிரசங்கிப்பது அந்த வாரத்துக்குள் சபையில் ஒரு வீட்டில் நடந்துவிடும். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

வேதம் பழங்கதை இல்லை, அடுப்பங்கரைக்கும் சம்பளத்துக்கும் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது போதகரின் கொள்கை. அப்படி விளக்குவதிலேயே நேரம் போய்விடும். அவர் திரும்பிப் போக வேண்டிய திருப்பதி பஸ் ஹார்ன் அடித்ததும் பைபிளை மூடிவிடுவார், மீதி அடுத்த ஞாயிறு. காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பாதி சொன்ன வாரம் பழனியின் வெள்ளாடு தொலைந்தது. மீதி சொன்ன மாலை தானாக வந்து நின்றது. கடல் கொந்தளித்த இடத்தில் பிரசங்கம் நின்ற வாரம் முழுக்கப் பத்மினி வீட்டுக் குடங்களில் அலையடித்தது.

அடுத்தது நாயீன் ஊர் விதவையின் மகன் செத்துப் பிழைத்த பகுதி. சபையில் விதவை வசந்தா ஒருத்திதான். அவள் பஸ் ஸ்டாப்பிலேயே போதகரை மறித்து, இரண்டு பாதியையும் ஒரே நாளில் சொல்லிவிடும்படி கேட்டாள்.

"என் பேச்சுக்கு அவ்ளோ பவர் இருந்தா நான் ஏம்மா பஸ்ல நின்னுக்கினு வரேன்?" என்று சிரித்தவர், சுருக்கமாக முடிப்பதாக வாக்குக் கொடுத்தார். ஆனால் நைட் ஷிஃப்டுக்குப் போன பிள்ளையின் போனுக்காகக் காத்திருக்கும் தாய்மாரைப் பற்றி ஆரம்பித்ததும் அவருக்கே கண் கலங்கி, பேச்சு நீண்டது. பாடை ஊர்வாசலுக்கு வந்த இடத்தில் ஹார்ன் அடித்தது.

செவ்வாய்க்கிழமை தருண் தண்ணீர் கேட்டான். வசந்தா சொம்போடு வருவதற்குள் செத்திருந்தான். அடக்கம் பற்றி யாரும் பேசவில்லை. ஐஸ் பெட்டி வந்தது.

"என் ஆடே வந்துச்சி, உன் புள்ள வர மாட்டானாக்கா?" என்றான் பழனி.

"வந்தப்பறம் துன்னுச்சாடா?"

"நல்லா துன்னுச்சி. அன்னிலேர்ந்து கத்தறதுதான் இல்ல."

வசந்தா அதையும் யோசித்துப் பார்த்தாள். தருண் தகவல் சொல்லாமல் வேலைக்கு நின்றுவிட்டால் கம்பெனியில் பேரை எடுத்துவிடுவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேனேஜருக்கு எழுதினாள்: என் மகன் தருண் இறந்துவிட்டபடியால் இந்த வாரம் வர இயலவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்துவிடுவான், திங்கட்கிழமை டூட்டிக்கு வருவான். பேச மாட்டான், வேலை எல்லாம் செய்வான். அவன் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

போஸ்டாபீஸில் கோந்து தடவி உறையை ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பினாள்.