பத்து நொடி

உளவியல் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒரே வேலைதான். ஒரு மனுஷர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்க ஒரு புதிரைக் கொடுத்து, அவர் வாய்விட்டு யோசிப்பதைப் பதிவு செய்ய வேண்டும். பத்து நொடி பேசாமல் இருந்தால், "மனசுல ஓடுறத அப்படியே சொல்லுங்க" என்று சொல்லலாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. பெரிய படிப்புக்காரர்கள் போட்ட விதி. தொண்டைத் தண்ணி வற்ற இதையே எத்தனை தரம்தான் சொல்வது?

அன்றைக்குப் பதினோராவது ஆளாக வந்த பஸ் டிரைவர், ஜாடியில் தண்ணீர் அளக்கும் புதிரை விட்டுவிட்டு, செத்துப்போன தம்பியைப் பற்றியே பேசினார். விதிப்படி "சம்பந்தமில்லாதது" என்று குறித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி வீட்டில் கணவன் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். பழக்க தோஷம், மனசு தானாக நொடிகளை எண்ணியது. பத்து வந்ததும் வாய் சொல்லிவிட்டது: "மனசுல ஓடுறத அப்படியே சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"வேலை போயி மூணு வாரம் ஆச்சு. நீ கேப்பேன்னு தினமும் இங்கயே உக்காந்திருந்தேன்."

அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவளுக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.