வெள்ளைத் துணி கட்டிய சைக்கிள்

ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் தோட்டத்து லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது, முக்கால்வாசியில் நின்றுவிடும். பக்கத்துக் காம்பராவில் சிறில் வீட்டில் கருவாடு பொரித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அங்கே புருஷன் பெண்சாதி குரலைத் தாழ்த்தினால் இங்கே நான் ரேடியோவைத் தாழ்த்துவேன். இதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பது என்று சொல்கிறவர்கள் இந்த லயத்தில் ஒரு கிழமை வந்து குடியிருந்து பார்க்கட்டும்.

ஆகவே சிறில் தன் இரண்டு கூட்டாளிகளோடு சைக்கிளில் போய்க் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்கப் போகிறான் என்பது, தெஹியோவிட்ட டவுனுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும்.

யோசனை ஸப்ரியுடையது. ஸப்ரிக்கு டவுனில் சைக்கிள் சாமான் கடை. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம் அவன் கடையில் நிற்க இடமிருக்காது. பெற்றோல் வந்தது, சைக்கிள்களெல்லாம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்தன, ஸப்ரி ஈ ஓட்டினான். கொழும்பிலிருந்து இறுக்கிப் பிடித்த கால்சட்டையும் பூசணிக்காய் மாதிரித் தொப்பியுமாகக் கித்துல்கல பக்கம் மிதித்துக்கொண்டு போகிற பிள்ளைகளைக் கடை வாசலில் இருந்து பார்த்துப் பார்த்து, கடைசியில் அவனும் ஒரு கூடாரம் வாங்கிவிட்டான். போகிற வழியைப் படம் பிடித்து டிக்டொக்கில் போட்டால் யாவாரம் திரும்பும் என்று ஒரு நம்பிக்கை. கூட்டுக்கு ரொபர்ட். அவன் திரீவீல் ஓட்டுகிறவன். கடைக்குப் போவதென்றாலும் திரீவீலில்தான் போவான், அவன் வயிறே அதற்குச் சாட்சி.

மூன்றாவது ஆள் சிறில். ரப்பர் மலையில் பால் வெட்டுக் கங்காணி. காலையில் ஏறி இறங்குகிற மலை போதாதென்று சனிக்கிழமையும் மலை ஏற அவனுக்கென்ன கிறுக்கா என்று நானும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பெண்சாதி மெரினா கேட்டுவிட்டாள்.

"எங்க போய்ப் படுக்கப் போறீங்க?"

"கித்துல்கலக்கு மேல."

"மேலன்னா? ஒங்க அக்கா இருக்குற தோட்டத்து டிவிசனுக்கா?"

நான் அடுப்பை ஊதுவதை நிறுத்தினேன்.

"கல்லறைத் திருநாள் வருது மெரினா. இந்த வருஷமாவது அக்கா வந்து அம்மா குழியில ஒரு மெழுகுதிரி ஏத்தணும். அதுவரைக்கும் எனக்கு நெஞ்சு ஆறாது."

"அதுக்கு பஸ்ல போனா ஆகாதா?"

"தனியா போனா வாசலோட திருப்பி அனுப்பிரும். கூட ஆளு இருந்தா நாலு பேருக்கு முன்னால வெரட்டாது."

விஷயம் அதுதான். யாவாரத்துக்குப் போகிறவன் ஸப்ரி, வேடிக்கைக்குப் போகிறவன் ரொபர்ட், அக்காவுக்குப் பயந்து கூட்டம் சேர்த்துக்கொண்டு போகிறவன் சிறில்.

சிறிலின் அக்கா ரோசம்மாவின் கோபத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் கேட்டதைச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், வெளித்தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டு ஆண்கள் நேரில் போய்ச் சொல்லவேண்டும். அவர்கள் படி ஏறமாட்டார்கள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோவிலுக்குப் போகிறவர்களும் சேர்ச்சுக்குப் போகிறவர்களும் இந்த ஒரு காரியத்தில் ஒன்றுதான். சிறிலின் அம்மா செத்தபோது அடைமழை. "இந்தக் காலத்துல யாரு ஆளு அனுப்புறா" என்று சிறில் அக்காவுக்குப் போன் எடுத்தான். அவளுடைய லயத்தில் சிக்னல் கிடையாது. பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, கீழே ரோட்டுக் கடைக்கு எடுத்துச் சொல்லச் சொன்னான். கடைக்காரருக்கு மழையில் மலை ஏற மனம் வரவில்லை. மறுநாள் ரோசம்மா கொழுந்து எடுக்க, சிக்னல் கிடைக்கிற உச்சி மலைக்குப் போனபோது போன் துடித்திருக்கிறது. அவள் வந்து சேர்ந்தபோது குழியை மூடிவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் எங்கள் லயத்து வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஊரான் செத்தா ஆளு அனுப்புவீங்க. எங்கம்மா செத்தது எனக்கு மிஸ் கோலா வந்துச்சு." திரும்பிப் போனவள்தான். பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை மூன்று பேரும் எங்கள் வாசலில் இருந்துதான் கிளம்பினார்கள். மழை மூட்டத்தில் பின்னால் வருகிற லொறிக்காரனுக்குத் தெரியவேண்டும் என்று ஸப்ரி சொல்ல, மெரினா ஒரு பழைய வேட்டியைக் கிழித்து மூன்று சைக்கிளிலும் பின்பக்கம் வெள்ளைத் துணி கட்டிவிட்டாள். ஸப்ரி ஹேண்டிலில் போனைப் பொருத்திக்கொண்டு, "ஹாய் பிரெண்ட்ஸ், இன்னைக்கி நாங்க..." என்று ஆரம்பித்தான். ரொபர்ட்டின் வயிறு பாதிப் படத்தை மறைத்தது. சிறில் தன் அப்பா விட்டுப்போன பச்சைச் சைக்கிளைத் துடைத்து, ஹேண்டிலில் தொங்கிய அந்தோனியார் படத்தைத் தொட்டு முத்தமிட்டான்.

மற்றதெல்லாம் நான் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஸப்ரியின் போனையும் வாங்கிப் பார்த்துச் சேர்த்தது.

எட்டியாந்தோட்டையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோதே கடைக்காரர் சைக்கிள்களின் வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாராம், சாவு வீட்டுக்கா தம்பி போறீங்க என்று. ஸப்ரி விழுந்து விழுந்து சிரித்தானாம். அவருக்குத் தெரிந்தது இவர்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

கித்துல்கலையைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் ரொபர்ட்டின் டயரில் காற்றுப் போய்விட்டது. சைக்கிள் கடை முதலாளி ஸப்ரி கூடாரம் கொண்டுவந்தார், பம்ப் கொண்டுவந்தார், டியூபுக்கு ஒட்டுப் போடுகிற பசையைக் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். சிறில் உடனே சொன்னானாம், "ரொபர்ட்டு, நீ என் சைக்கிள எடுத்துட்டு ஸப்ரியோட முன்னால போ. நான் இத தள்ளிட்டு வாறேன்."

"என் சைக்கிள நான் தள்ள மாட்டேனா?"

"மலையப் பாரு, ஒன் வயித்தப் பாரு. போடா. அக்கா என்ன மாதிரி இருக்குன்னு பாத்து வையி."

ஆக, பயந்தவன் பின்தங்கிவிட்டான். சேறும் சகதியுமாக, கால்களில் அட்டை கடித்து இரத்தம் வழிய, ரொபர்ட்டும் ஸப்ரியும் ரோசம்மாவின் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த இடத்தில் படம் நன்றாக இருக்கிறது. ரோசம்மா ஒரு கட்டு விறகோடு இஸ்தோப்புத் திண்ணையில் நிற்கிறாள். மெலிந்துபோயிருக்கிறாள், நெற்றிக்கு மேல் நரை.

"அக்கா, நாங்க தெஹியோவிட்டயில இருந்து வாறோம்."

"உள்ள வாங்க தம்பி."

"இல்லங்க அக்கா. இங்கயே நிக்கிறோம்." பாவம், ரொபர்ட் தன் சேற்றுக் காலை நினைத்தான்.

"ஒரு வாய் தண்ணியாவது குடிங்க."

"வாணாம் அக்கா, தண்ணி ஈக்கி," என்று ஸப்ரி தன் போத்தலைத் தட்டிக் காட்டினான்.

ரோசம்மாவின் கண் சைக்கிளுக்குப் போகிறது. பச்சைச் சட்டம், அந்தோனியார் படம், பின்னால் தொங்குகிற வெள்ளைத் துணி.

"இது எங்கப்பா சைக்கிளு. இத அவன் யாருக்கும் குடுக்க மாட்டானே. அவன் எங்க?"

திரீவீலில் ஏறுகிறவர்களிடம் ஊர்க்கதை எல்லாம் பேசுகிற ரொபர்ட், அக்காவுக்குப் பயந்து சிறில் பின்தங்கியதைச் சொல்ல வெட்கப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "சிறிலு... அதத்தாங்க அக்கா, எப்படிச் சொல்றதுன்னு..." என்றான்.

விறகு விழுந்தது. ஸப்ரி பதறிப்போய்ப் போனைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு படமில்லை, சத்தம் மட்டும்தான்.

முதலில் 'சர்' என்று ஒரு சத்தம். அது அடுப்பில் தண்ணீர் ஊற்றியது. கூடப்பிறந்தவன் செத்த வீட்டில் உலை கொதிக்கக்கூடாது. பிறகு அவள் குரல் வெளியே வருகிறது.

"ஆளு அனுப்பிட்டியாடா! அம்மாவுக்கு அனுப்பலன்னுதானடா கோவிச்சேன். ஒனக்கு அனுப்பச் சொன்னேனா? ஒனக்கு அனுப்பச் சொன்னேனாடா, சிறிலு!"

நான் எத்தனையோ சாவு வீட்டில் எத்தனையோ அழுகை கேட்டவள். யார் அழுகிறார்கள், யார் அழுவது மாதிரி இருக்கிறார்கள் என்று வாசலில் இருந்தே சொல்லிவிடுவேன். இதைக் கேட்டுவிட்டு நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

சுற்றி ஆட்கள் ஓடிவருகிற சத்தம். நடுவில் ஸப்ரி, "டேய், செல்லுடா! மவுத்தாகல்லண்டு செல்லுடா!" என்று ரொபர்ட்டைப் பிடித்து உலுக்குகிறான். ரொபர்ட், "அக்கா, அவன் சாகலக்கா, டயருதான் போயிருச்சி," என்கிறான். யார் காதில் விழும்?

கீழே வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சிறிலுக்கு அழுகை கேட்டிருக்கிறது. அக்கா வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று சைக்கிளைத் தேயிலைக்குள் போட்டுவிட்டு மேலே ஓடிவந்திருக்கிறான். கிட்ட வந்த பிறகுதான் அழுகைக்குள் தன் பெயரைக் கேட்டிருக்கிறான்.

போனில் திடீரென்று எல்லாச் சத்தமும் அடங்குகிறது. பிறகு ஒரு அறை. எங்கே விழுந்தது என்று சிறிலிடம் கேட்டேன், கன்னத்தைக் காட்டவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டான்.

"எதுக்குடா வந்த?"

கல்லறைத் திருநாளுக்குக் கூப்பிட வந்தேன் என்று அவன் சொல்லியிருக்கவேண்டும். வழி முழுக்க அதைத்தான் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தானாம். ஆனால் அவன் இரண்டடி பின்னால் போய், வாசலில் இறங்கி நின்று, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டானாம். ரொபர்ட் இதைச் சொல்லும்போது தானும் எழுந்து நின்று காட்டினான்.

"அக்கா," என்கிறது சிறிலின் குரல். "நம்ம அம்மா தவறிட்டாங்க. சொல்லிட்டுப் போக வந்தேன்."

மழை வருகிறது. தகரத்தில் முதலில் ஒன்றிரண்டு, பிறகு மொத்தமாக. ஸப்ரி போனை நிறுத்திவிட்டானோ என்று நான் பயந்தேன். மழைக்குள்ளிருந்து ரோசம்மாவின் குரல் வருகிறது, சாவுச் செய்தி கேட்ட எவரும் கேட்கிற கேள்வி.

"எப்ப எடுக்குறீங்க?"

"நீ வந்த பெறகுதான் அக்கா."

அங்கே முடிகிறது.

ஆற்றோரத்தில் அடிக்கவேண்டிய கூடாரத்தை ரோசம்மாவின் வாசலிலேயே அடித்தார்கள். சாவு சொல்ல வந்தவன் வீட்டுக்குள் எப்படிப் போவது என்று சிறில் படி ஏறவில்லை. உள்ளே வா என்று அவளும் கூப்பிடவில்லை. நனைந்த அடுப்பைப் பற்றவைக்க அவளுக்கு வெகுநேரம் ஆனதாம். லயத்துச் சனங்கள் வரிசையாக வந்து, உயிரோடிருக்கிற சிறிலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள்.

காலையில் அவள் தேத்தண்ணியோடு கூடாரத்துக்கு வந்தாள். ரொபர்ட்டும் ஸப்ரியும் வாங்கிக் குடித்தார்கள். சிறில் வாங்கவில்லை.

"எடுத்த பெறகு குடிக்கிறேன் அக்கா."

அவள் அந்தக் கோப்பையை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விட்டாளாம். கோபமா இல்லையா என்று மூன்று பேரிடமும் கேட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள், ஆண்களை நம்பி ஒரு விஷயம் கேட்கமுடியாது. சிறில் ஊருக்கு வந்து, மெரினா கேட்டபோது, "வாறேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல," என்றான். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு கிழமையாகப் பேச்சுக் குறைவு. கேட்டுக்கொண்டிருக்க எனக்கே அலுத்துப்போனது.

கல்லறைத் திருநாளன்று நான் கல்லறைக்குப் போனேன். கோவிலுக்குப் போகிற எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கக்கூடாது. சிறிலும் மெரினாவும் குழியைச் சுற்றிப் புல்லுப் பிடுங்கி, பூ வைத்து, மெழுகுதிரியை ஏற்றாமல் நின்றுகொண்டிருந்தார்கள். சுவாமியார் மந்திரித்துவிட்டுப் போய்விட்டார். மற்றக் குழிகளில் எல்லாம் வெளிச்சம். கரவனல்ல பக்கமிருந்து ஒவ்வொரு பஸ் வரும்போதும் சிறில் ரோட்டைப் பார்ப்பான், பிறகு தன் செருப்பைப் பார்ப்பான்.

அவள் வெள்ளைச் சேலையில் வந்தாள். திருநாளுக்கு வந்தவள் மாதிரி இல்லை, சாவுக்கு வந்தவள் மாதிரி தலைமுடியை அள்ளிக் கட்டாமல் வந்தாள். யாரோடும் பேசவில்லை. குழியருகே குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, பிறகு மெல்லப் போட்டாள். அன்றைக்குப் போடாத மண். அவள் போட்ட பிறகு சிறிலும் ஒரு பிடி போட்டான். மெழுகுதிரியை அவள்தான் ஏற்றினாள்.

எழுந்து, கைமண்ணைச் சேலையில் துடைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் தேத்தண்ணி ஊற்றித் தம்பியிடம் நீட்டினாள்.

"எடுத்தாச்சு. குடி."

சிறில் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். சீனி அள்ளிக் கொட்டியிருந்தாள் என்று மெரினா பிறகு என்னிடம் சொன்னாள். சிறில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.