கம்ப்ரசருக்காக விட்டுக்கொடுத்த மெயில்

எங்கள் பட்டறையைப் பாகம் பிரித்த அன்று டீ ஃபிளாஸ்கைக்கூட எழுதினார்கள். லேத் நான்கு, டிரில்லிங் மெஷின் இரண்டு, வைஸ் மூன்று, சீலிங் ஃபேன் நான்கு, பெரிய ஃபிளாஸ்க் ஒன்று. பாகம் பிரித்துவைக்க வந்த தீர்த்தகிரி மாமா பத்திரத்தில் வரிசையாக எழுதிக்கொண்டே போனார். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் முனிராஜ், எதிர்ப்பக்கம் என் அண்ணன் கோவிந்தப்பன், நடுவில் நான். பதினொரு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து ஓசூர் சிப்காட்டில் நடத்திய ஜி.எம். எஞ்சினியரிங்குக்கு பில் போட்டதும், மெயில் பார்த்ததும், கம்பெனிக்காரர்களுக்குப் பதில் சொன்னதும் நான்தான்.

சண்டை எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு டை, அதாவது அச்சு, உடைந்ததில் ஆரம்பித்தது. அது எப்படி பாகம் பிரிக்கிற வரைக்கும் போனது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

எல்லாம் எழுதி முடித்தபோது இரண்டு மிச்சமிருந்தன. ஒன்று கம்ப்ரசர். இன்னொன்று கம்பெனியின் ஜிமெயில். கம்பெனிப் பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் எங்கள் பங்குக்கு வந்துவிட்டதால், மெயில் தன்னிடம் இருக்கட்டும் என்றார் அண்ணன்.

"மெயிலுன்னா அது என்னா பெறும்மா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"அது சும்மா வந்தது மாமா. காசு குடுத்து வாங்கல" என்றேன். சொல்லிவிட்டு, சூட்டோடு சூடாக, "அப்ப கம்ப்ரசர் எங்களுக்கு" என்றேன்.

அண்ணன் தலையாட்டினார். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரிலிருந்தும் என் ஃபோனிலிருந்தும் அந்த மெயிலை எடுத்துவிட்டேன். நாணயமாக நடந்துகொண்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. வண்டியில் வரும்போது வீட்டுக்காரரிடம், "பாத்தீங்களா, கம்ப்ரசர நம்ம பக்கம் இழுத்துட்டன்" என்று வேறு சொன்னேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதே வாரம் என்னிடமே இருந்த ஆபீஸ் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஆறு எண்கள். யாரோ அந்த மெயிலைத் திறக்கப் பார்க்கிறார்கள், நீங்கள்தான் என்றால் இந்த எண்ணைப் போடுங்கள் என்று இருந்தது. யாரோ என்ன யாரோ, அண்ணன்தான். அன்றைக்கு மூன்று முறை வந்தது. மறுநாள் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். வேண்டுமென்றால் கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. ஐந்தாம் நாளோடு மெசேஜ் நின்றது. எப்படியோ திறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் இருந்து, அதுவும் செத்துப்போனது.

என் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் திறந்து எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னேன். சரிங்க, சரிங்க என்றார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் மாற்றவில்லை. விலை கேட்டு வரவேண்டிய விசாரணைகள் வரவில்லை. எங்கள் பங்குக்கு வந்த இரண்டு லேத்தில் ஒன்று மத்தியானத்துக்குமேல் சும்மா நின்றது. கம்ப்ரசர் மட்டும் எங்கேயோ காற்று கசிந்து நாள் முழுவதும் உஸ் உஸ் என்று கிடந்தது. மூன்று முறை மெக்கானிக் வந்தும் அந்த ஓட்டை பிடிபடவில்லை.

"எல்லாம் உங்க அண்ணன்தான் வாரிக்கிறாரு" என்று வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொல்வார். முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு நானும் அதையே சொல்ல ஆரம்பித்தேன். கூடப்பிறந்தவர் என் பிள்ளைகளின் சோற்றில் கை வைக்கிறார் என்று எட்டு மாதம் நம்பினேன்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை பம்ப் கம்பெனியிலிருந்து இளம்பரிதி கூப்பிட்டார். அங்கே பர்ச்சேஸ் பார்க்கிறவர். அவர்களுக்கு நாங்கள் செய்யும் பித்தளை புஷ், பம்ப் தண்டைத் தாங்கும் வளையம், அதுதான் எங்கள் வேலையில் பாதி. வருஷத்துக்கு ஒருமுறை விலை கேட்டு வருஷம் முழுவதுக்கும் ஆர்டர் தருவார்கள். பழைய ஆர்டர் அந்த மாதத்தோடு முடிகிறது.

"மேடம், புஷ்ஷுக்கு ரேட் போடலியே நீங்க. சனிக்கிழம அஞ்சு மணிக்கு லிங்க் குளோஸ் ஆயிடும்."

"எந்த லிங்க் சார்? எனக்கு ஒன்னும் வரலியே."

"மூணு ரிமைண்டர் போட்டாச்சு மேடம், கம்பெனி மெயிலுக்கு."

"அது இப்ப எங்ககிட்ட இல்ல சார். புதுசு குடுத்தனே, அதுக்கு அனுப்புங்க."

"சிஸ்டத்துல ரிஜிஸ்டர் ஆன மெயிலுக்குத்தான் போகும். மாத்தணும்னா அந்தப் பழைய மெயில்லருந்தே ரெக்வஸ்ட் வரணும். என் கையில ஒன்னும் இல்ல."

ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தேன். லேத்தில் முனிசாமி புஷ் கடைந்துகொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக எங்களிடம் இருப்பவர். இந்த ஆர்டர் போனால் அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை. அதை அவரிடம் யார் சொல்வது என்பதைத்தான் முதலில் யோசித்தேன். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும், "அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டன். நீ போறதுன்னா போ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனைப் பார்க்கப் பேரிகை பஸ் ஏறினேன். காலியான தக்காளி கிரேட்டுகளைப் படிக்கட்டு வரை அடுக்கியிருந்தார்கள். ஒரு கிரேட்டில் சாய்ந்து நின்றுகொண்டே போனேன். என்ன பேசுவது என்று யோசிக்கக்கூடத் தெம்பு இல்லை. கோபப்பட்டுக் கோபப்பட்டு அலுத்துப் போயிருந்தது.

அண்ணனின் புதுப் பட்டறை ரோட்டோரமாகவே இருந்தது. அண்ணி நாராயணம்மா என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். பிறகு, "வா வினோதா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வைக்கப் போனார். உள்ளே ஒரு லேத் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிக் கிடந்தது. தாளின் மேல் நல்ல தூசி. எங்கள் ஆர்டரையெல்லாம் வாரிக்கொண்டவர் லேத்தை எதற்கு மூடி வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். இளைத்திருந்தார்.

"அண்ணா, ஒரே ஒரு மெயில் அனுப்பணும். பம்ப் கம்பெனிக்கு. நாளைக்குள்ள. அத மட்டும் பண்ணிக் குடு, வேற ஒன்னும் கேக்கல."

"எந்த மெயில்லருந்து?"

"நம்ம பழைய மெயிலு. உன்கிட்ட இருக்குதே."

அவர் என்னையே பார்த்தார். "என்கிட்ட எங்க இருக்குது? அத நீதான பாத்துட்டிருக்க."

"நானா? உன் பங்குக்குத்தான குடுத்தன். பாஸ்வேர்டெல்லாம் எழுதிக் குடுத்தனே."

"சீட்டு குடுத்த. தொறக்க உட்டியா? போடப் போட உன் ஃபோனுக்கு நம்பர் அனுப்பிருக்கறன்னுது. அனுப்புவ, அனுப்புவன்னு அஞ்சு நாளு பாத்தன். அப்பறம் உட்டுட்டன்."

"கேட்டிருக்கலாமில்ல அண்ணா."

"உன் ஃபோனுக்குத்தான் வருதுன்னு உனக்குத் தெரியும். எனக்குக் குடுக்கணும்னு உனக்குத் தோணல. நான் வேற கேக்கணுமா?"

அண்ணி டீயை வைத்துவிட்டு, "உங்க தங்கச்சிதான் நம்ம ஆர்டரயெல்லாம் எடுத்துக்குதுன்னு இவரு தெனமும் பொலம்புவாரு" என்றார். குத்திக் காட்டுவதாக இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

எட்டு மாதம் அந்த மெயிலை யாருமே திறக்கவில்லை. விலை கேட்டு வந்ததும், படம் போட்டு வந்ததும், ஏன் பதில் இல்லை என்று வந்ததும் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. அவர் எடுத்தார் என்று நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, நான் எடுத்தேன் என்று அவர் அங்கே கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் வேலை யாரோ மூன்றாவது ஆளுக்குப் போயிருக்கிறது. அந்த ஆறு எண்களை நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. வெட்கமாக இருந்தது.

"இப்பப் போடலாம், அந்த நம்பர் எங்க?" என்றார் அண்ணன்.

"சிம்மு செத்துப்போச்சு அண்ணா."

என்றாலும் கூப்பிட்டுப் பார்த்தோம். மணி அடித்தது. எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். அத்திப்பள்ளிக்காரராம், அந்த நம்பர் அவருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். அண்ணனுக்குக் கன்னடம் நன்றாக வரும். விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லி, இப்போது ஒரு ஆறு நம்பர் வரும், அதைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஓடிபி கேட்கிற திருட்டுப் பயல்களா என்று திட்டினார், போலீசில் கொடுப்பேன் என்றார், வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாருக்கும் நம்பர் சொல்லாதே என்றுதானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் ஃபோனைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

சனிக்கிழமை ஐந்து மணி அடித்தது, லிங்க் மூடிக்கொண்டது. புஷ் ஆர்டர் பொம்மசந்திராப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனது. முனிசாமியிடம் நான்தான் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, "வேல வந்தா ஒரு ஃபோன் போடுங்க" என்று போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை பம்ப் கம்பெனிக்கு நேரில் போனேன். இளம்பரிதி நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். ஜூலையில் ஸ்பேசர் என்கிற வேறொரு உதிரிக்கு விலை கேட்கப் போகிறார்களாம். அதற்குள் புது வெண்டாராக மறுபடி பதிந்துகொள்ளலாம் என்றார்.

"ஆனா ஜிமெயிலோட வராதீங்க மேடம். கம்பெனி பேர்ல சொந்தமா ஒரு மெயில் வச்சுக்குங்க. ஒரு வெப்சைட்டும் போடுங்க. ஆடிட்ல ஒங்க பேரப் போட்டுத் தேடுனா ஒன்னுமே வரல. இப்பிடி ஒரு பட்டற இருக்குதான்னு என்னக் கேக்கறாங்க."

பதினொரு வருஷம் புஷ் கடைந்து போட்டவர்களை இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். எழுந்து வந்தேன்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்வாதி என்கிற பெண் இந்த வேலையெல்லாம் செய்து தருகிறாள். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் அவள். போய் உட்கார்ந்தேன். ஜி.எம். எஞ்சினியரிங் என்ற பெயர் வெப்சைட்டுக்குக் கிடைக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள், கிடைத்தது. வருஷத்துக்கு அவள் சொன்ன தொகை, கம்ப்ரசர் மெக்கானிக்குக்கு ஒரு தடவை கொடுத்ததைவிடக் குறைவு.

"இந்தப் பேரு ஒங்களுதுக்கா. வருஷா வருஷம் மறக்காம கட்டிடுங்க. இதுக்குக் கீழ பர்ச்சேஸுக்கு ஒன்னு, பில்லுக்கு ஒன்னுன்னு மெயிலு தொறந்துக்கலாம். பாக்குற ஆளு வேலைய உட்டுப் போனாலும் மெயிலு ஒங்ககிட்டயே நிக்கும். பாஸ்வேர்ட மாத்தி இன்னொருத்தர் கையில குடுத்துடலாம்."

கேட்கக் கேட்க எரிச்சல் வந்தது. அவள் மேல் இல்லை. இவ்வளவு சின்ன விஷயமா என்றுதான். பட்டறையின் ஃபோட்டோ, என்ன சைஸ் வரை கடைவோம், எங்கே இருக்கிறோம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பக்கத்தில் ஏற்றினாள். ஒரு ஃபோட்டோவின் மூலையில் கம்ப்ரசர் தெரிந்தது. அதை வெட்டிவிடச் சொன்னேன்.

"ஜி.எம்.னா என்னக்கா?" என்றாள் டைப் அடித்துக்கொண்டே.

"கோவிந்தப்பன், முனிராஜ். எங்க அண்ணன், எங்க வீட்டுக்காரர்."

"சரி, ஒங்க நம்பர் போட்டாச்சு. ரெக்கவரிக்கு இன்னொரு நம்பர் வேணும். நாளைக்கு ஒங்க ஃபோனு தொலைஞ்சா கம்பெனி மெயிலு மாட்டிக்கக் கூடாது பாருங்க. நம்பிக்கையான ஆளாச் சொல்லுங்க."

வீட்டுக்காரர் நம்பரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது அண்ணன் நம்பர். ஒரு எண் தடுமாறவில்லை. ஸ்வாதி போட்டு அழுத்தினாள்.

"அந்த நம்பருக்கு ஆறு நம்பர் கோட் போயிருக்குது. கேட்டுச் சொல்லுங்கக்கா. பத்து நிமிஷம்தான் இருக்கும்."

ஃபோனைக் கையில் எடுத்தேன். இப்போது கேட்க வேண்டியவள் நான். அன்றைக்கு அவருக்குக் கேட்க எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் பெயரைத் திரையில் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன், கட்டைவிரல் இறங்கவில்லை. ஸ்வாதி கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஃபோன் அடித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணன் என்னைக் கூப்பிடுகிறார்.

"வினோதா, என் ஃபோனுக்கு ஏதோ நம்பரு வந்துருக்குது. ஜி.எம்.னு போட்டுருக்குது. உனக்குத்தான வேணும்?"

"ஆமாண்ணா."

"இரு, கண்ணாடி போட்டுக்கறன்." பின்னால் லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, ஆறையும் படித்தார். விட்டுப்போயிருக்குமோ என்று முதலிலிருந்து இன்னொரு தடவையும் படித்தார்.

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டண்ணா" என்றேன். கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. எழுதியது ஸ்வாதிதான்.