மூதூர் லோஞ்சில் ஸ்டொக் கார்

மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் காலை ஏழு மணிக்குப் புறப்படும் லோஞ்சுப் படகில் கதை சொல்கிறவன் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. திருகோணமலை அரசாங்கக் கச்சேரியில் கிளார்க் வேலை கிடைத்துத் தினமும் கடலைக் கடக்கத் தொடங்கியபோது, கையில் எப்போதும் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். அது என்ன புத்தகம் என்று அலியார் காக்கா ஒருநாள் கேட்டார். சொன்னேன். மறுநாள் மிச்சத்தைக் கேட்டார். அப்படியே இரண்டு வருடம் போயிற்று.

அலியார் காக்காவுக்கு மூதூரில் சில்லறைக் கடை. "ஸ்டொக் எடுக்கப் போறன்" என்று கிழமையில் நாலு நாள் நகரத்துக்கு வருவார். வெறும் சாக்குகளை மடித்துப் போட்டு, லோஞ்சின் முன்பக்கத்தில் அதன்மேல் உட்காருவார். கதை பிடித்துக்கொண்டால் அவருடைய வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும். வெற்றிலை காய்ந்துபோவதும் தெரியாது. அவரைச் சுற்றி வாத்தியார்மார், தயிர் கொண்டுபோகும் பெண்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஆனால் நான் பார்ப்பது அவருடைய வாயை மட்டும்தான். பனியும் ரயிலும் குதிரை வண்டியும் நிறைந்த ஒரு நாட்டை, கொட்டியாரக் குடாவின் நடுவில் வைத்து அந்த மனிதருக்குக் காட்ட என்னால் முடிந்தது. லோஞ்ச் துறைமுக வாயிலுக்குள் நுழைந்து அலை அடங்கும்போது, சரியான இடத்தில் கதையை நிறுத்துவேன். அது என் கண்டுபிடிப்பு.

1974 ஆம் ஆண்டு மாசி மாதம் யோகலிங்கம் வந்தான். துறைமுக வேர்க்‌ஷொப்பில் ஃபிற்றர். மூதூரில் கலியாணம் முடித்ததால் அவனும் எங்கள் லோஞ்சுக்காரனானான். மா மூட்டை கொண்டுவந்த ஓர் அமெரிக்கக் கப்பலில் ஏதோ திருத்த வேலை செய்தானாம். அதில் ஒரு மாலுமி ஒரு கட்டு சஞ்சிகைகளைக் கொடுத்துவிட்டுப் போனானாம். எல்லாம் கார் ஓட்டப் பந்தயம்.

அன்றைக்கு என் நாவலில் தபால்காரனின் மகள் வீட்டைவிட்டுப் புறப்படும் கட்டம். யோகலிங்கம் ஒரு படத்தைச் சும்மா அலியார் காக்காவிடம் நீட்டினான். மூன்று கார்கள் ஒரே கோட்டில் வெள்ளைக் கோட்டைத் தாண்டுகின்றன. டேட்டோனா என்ற இடத்தில் 1959 இல் நடந்த முதலாவது ஐந்நூறு மைல் பந்தயம் என்றான். அந்த மூன்றில் ஒன்று சுற்றுக் கணக்கில் பின்தங்கிய கார். வெற்றி மற்ற இரண்டுக்கும் இடையில். லீ பெற்றி ஒருவன், ஜோனி பீச்சம் மற்றவன். நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தும் யார் வென்றது என்று எவருக்கும் நிச்சயமில்லை. அன்று பீச்சம் வென்றதாகச் சொன்னார்கள். பெற்றி ஒத்துக்கொள்ளவில்லை. படங்களைத் தேடியெடுத்துப் பார்த்து முடிவு சொல்ல மூன்று நாள் பிடித்தது.

"யார் வெண்டது?" என்று அலியார் காக்கா கேட்டார்.

"அவங்களே மூண்டு நாள் பொறுத்திருந்தவங்கள், காக்கா. நாங்களும் பொறுப்பம்."

மூன்று நாளும் அவன் வாய் திறக்கவில்லை. லோஞ்ச் இரண்டாகப் பிரிந்தது. வாத்தியார்மார் பீச்சம் பக்கம். தயிர்க்காரப் பெண்கள் பெற்றி பக்கம். நான் தபால்காரனின் மகளைப் பனியில் நடத்திக்கொண்டு போனேன். ஒருவரும் கூட வரவில்லை. கதையை நிறுத்தும் வித்தையை இரண்டு வருடம் பழகியவன் நான். அவனோ முதல் நாளே, எங்கிருந்தோ எடுத்த மாதிரி, அதைவிட நன்றாகச் செய்தான். நாலாம் நாள் பெற்றிதான் என்று சொன்னபோது தயிர்க்காரப் பெண்கள் தயிர் முட்டிகளில் தாளம் போட்டார்கள். அலியார் காக்காவின் வாய் திறந்திருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், இல்லை.

அந்தப் பந்தயக் கார்களுக்கு ஸ்டொக் கார் என்று பெயராம்; அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஸ்டொக் கார்தான். ஸ்டொக் கார் என்றால் என்ன என்பதற்கு அலியார் காக்காவிடம் சொந்த விளக்கம் இருந்தது: கடைக்கு ஸ்டொக் ஏற்றிக்கொண்டு ஓடும் கார். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. சாமானோடு ஓடுகிற வேகத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யோகலிங்கம் சிரித்தான், திருத்தவில்லை. அவர் அதைத் தன் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லி, கொஞ்சம் புகழ் பெற்றிருந்தார்.

நான் யோகலிங்கத்திடம் நல்லபிள்ளைபோல ஒரு சஞ்சிகையை இரவல் கேட்டேன். சந்தோஷமாகத் தந்தான். அவன் எட்டாம் வகுப்புவரை படித்தவன். படத்தைப் பார்த்தும், எழுத்துக்கூட்டியும், மாலுமி சொன்னதைக் கேட்டுமே கதை சொல்கிறான் என்பது எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கச்சேரி மேசையில் அகராதியோடு உட்கார்ந்து, அவனுடைய பிழை ஒன்றைத் தேடினேன். கிடைத்தது.

மறுநாள் எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

"காக்கா, ஸ்டொக் கார் எண்டா சாமான் ஏத்துற கார் இல்ல. கடையில வாங்கினபடியே, ஒண்டும் மாத்தாம ஓட்டுற கார். உங்களை வைச்சு இவர் பகிடி பண்ணியிருக்கார்."

வாத்தியார் ஒருவர் சிரித்தார். யோகலிங்கம் கையிலிருந்த சஞ்சிகையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். அலியார் காக்கா என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப அதுகள் சாமானே ஏத்தினதில்லையா, தம்பி?"

அடுத்த பக்கத்தை நான் படித்திருந்தேன்.

"இல்ல, காக்கா. ஒண்டுமில்ல."

யோகலிங்கம் அதன்பிறகு பின்பக்கத்தில், எஞ்சின் சத்தத்துக்கு அருகே, ஸ்பானரும் சுத்தியலும் கிடக்கும் ஆயுதப் பையோடு உட்காரத் தொடங்கினான். முன்பக்கம் மறுபடி எனக்கு வந்தது. தபால்காரனின் மகளை நகரத்துக்குக் கொண்டுபோனேன், காதலிக்க வைத்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அலியார் காக்கா கடலைப் பார்த்து வெற்றிலை மென்றார், வாய் மூடியிருந்தது.

மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. நாவலைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தச் சஞ்சிகையைப் பையிலிருந்து எடுத்தேன். 1949 ஆம் ஆண்டு, சார்லட் என்ற ஊரில், மண் பாதையில், ஒன்றும் மாற்றாத கார்களுக்கென்று வைத்த முதல் பந்தயம் என்றேன். முப்பத்துமூன்று கார்கள். கிளென் டனவே என்பவன் மூன்று சுற்று முந்தி வந்தான். ஆனால் காரைச் சோதித்தபோது பின் ஸ்பிரிங்கில் கை வைத்திருப்பது தெரிந்தது. வெற்றியைப் பறித்து இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். அவனோ பத்திரிகையில் வந்த ஒரு படக்கதையில் இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பார்த்துவிட்டு, எங்கேயோ தூரத்திலிருந்து வந்தவன்.

"ஸ்பிரிங்கில ஏன் கை வைச்சவன்?" என்று அலியார் காக்கா கேட்டார். திரும்பியிருந்தார்.

"அது கசிப்புச் சாராயம் கடத்தின கார், காக்கா. அந்தக் காலத்தில கன பேர் அப்படித்தான் ஓடப் பழகினவங்களாம்."

"அஸ்தஃபிருல்லாஹ். நான் அரிசி எண்டெல்லே நினைச்சன்." எல்லோருடைய சிரிப்பும் முழுக்க அடங்கிய பிறகு அவர் கேட்டார், "அண்டைக்கு நான் கேக்கக்குள்ள இது உங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

"ஓம்."

அவர் சாக்குகளை விரித்து இடம் பண்ணிவிட்டு, பின்பக்கம் பார்த்துக் கை காட்டினார். யோகலிங்கம் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான். அவனுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

"ஸ்பிரிங்கை என்ன செய்தவங்கள் எண்டு போட்டிருக்கு, அண்ணை?"

அந்த வரியை வாசித்தேன். ஆங்கிலம் விளங்கியது, விஷயம் விளங்கவில்லை. சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினான். பாரம் ஏறினால் காரின் பின்பக்கம் தாழும், வளைவில் ஆடும், பார்க்கிற பொலிசுக்கும் விளங்கிவிடும். ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டால் முழுப் பாரத்தோடும் வெறும் கார் மாதிரி நிமிர்ந்து ஓடும் என்றான். தயிர்க்காரப் பெண்கள் கிட்ட நகர்ந்து வந்தார்கள்.

அடுத்த வரியை வாசித்தேன். அவன் அதை எடுத்து, நான் காணாத ஒரு பாதையில், புழுதியோடு ஓட்டினான். அதற்கடுத்த வரியையும் அப்படியே. என் குரல் அவனுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. நான் படித்த அத்தனை நாவல்களிலும் மொழிபெயர்த்தவரின் பெயர் உள்ளே எங்கோ சிறிய எழுத்தில் இருந்திருக்கும். ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

அலியார் காக்காவின் வாய் திறந்துவிட்டது, யோகலிங்கத்தைப் பார்த்து. யோகலிங்கம் என்னைப் பார்த்தான். அடுத்த வரி என் விரலின் கீழ் இருந்தது. அதை எவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்று பார்த்தேன்.