உபயம்: எட்டு ஜி.பி.

எங்கள் பெரியப்பா ராஜாக்கண்ணு நடத்தும் தர்ம ஆஸ்பத்திரியில் உபயதாரர் பெயர் எழுதாத பொருள் ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள், நான் பெங்களூர்க் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கேயே கூட்டிப் பெருக்குகிறேன். ட்யூப்லைட்டில் பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர். நாற்காலிகளின் முதுகில் பெயர். ஜவ்வாது மலையிலிருந்து இடுப்பு வலியோடு இறங்கி வருகிறவர்கள் யாராவது ஒருவர் பெயரின் மேல் சாய்ந்துதான் உட்கார வேண்டும். அடிவாரத்தில், படவேட்டுச் சாலையில், வாழைத்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி.

பெயர் எழுத இடமில்லாமல் போனதும் உபயதாரர்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்தார்கள்.

முன்கூடத்தில் பெரிய டிவி ஒன்று உண்டு. டோக்கன் எண்ணைக் காட்டும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் பெரியப்பாவின் படத்தையும் உபயதாரர்களின் படங்களையும் சுற்றிச் சுற்றிக் காட்டும். இதற்கான ஜாவா ப்ரோகிராமைக் காலேஜ் ப்ராஜெக்டாக எழுதியவன் பெரியப்பா மகன் பார்த்திபன். இப்போது கனடாவில் இருக்கிறான். அவன் எழுதியதில் தப்பு என்று யாராவது சொன்னால் பெரியம்மா இரண்டு வேளை சாப்பிட மாட்டார். அதனால் தினமும் காலையில் ஒழுங்காகத் தொடங்கும் சிஸ்டம் கொஞ்ச நேரத்தில் திணறி, பிறகு அசையாமல் நின்றுவிட்டால், தப்பு புவனாவுடையது.

புவனா எங்கள் தெருப் பெண். டோக்கன் கவுண்டரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். புருஷன் விட்டுப் போனபிறகு இரண்டு பிள்ளைகளை அந்த ஸ்டூலை வைத்துத்தான் வளர்க்கிறாள். திரையில் எண் வராமல் யாரையும் டாக்டரிடம் விடக் கூடாது என்பது பெரியப்பாவின் உத்தரவு. சிஸ்டம் நின்றால் கூடமே நிற்கும். திட்டு மட்டும் நிற்காமல் புவனாவுக்கு வரும்.

முதலில் இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அரிசி மில் தனசேகரன். கம்ப்யூட்டர் கடைக்காரன் "ராம் பத்தல சார்" என்று சொன்னதைக் கேட்டு, எட்டு ஜி.பி. ராம், அதாவது கம்ப்யூட்டருக்கான நினைவக அட்டை, ஒன்றைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு, டப்பா மேல் சந்தனம் குங்குமம் பூசி, மேளம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உபயம் கொடுத்தவர் படம் திரையில் வர வேண்டும் அல்லவா? வந்தது. மறுநாள் சிஸ்டம் இன்னும் சீக்கிரமாக நின்றது. பார்த்தார் கரும்பு வியாபாரி கோபால். அவரும் ஒரு ராம் கொடுத்தார். அவர் படமும் ஏறியது. இன்னும் சீக்கிரமாக நின்றது. ஊரில் நாலு காசு பார்த்தவர்கள் எல்லாம் ராம் கொடுத்து முடித்தபோது, மூன்றாவது டோக்கனுக்கே மூச்சு வாங்கியது.

நான் அப்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையே ஓடாத ஜாவா ப்ரோகிராம்களை ஓட வைப்பதுதான். புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சிவசங்கரிக்கா, ஆண்டு விழா அன்னிக்கும் நின்னுச்சின்னா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். நான் எண்ட்டர வேகமா தட்றனாம். மிஷினு பயந்துக்குதாம். நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

எனக்கு வந்ததே கோபம்! அன்றைக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். சிஸ்டம் திணறத் தொடங்கியதும், அந்த நேரத்தில் அதன் நினைவகத்தில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் ஒரு ஃபைலாக எடுத்தேன். ஹீப் டம்ப் என்று பெயர். நோயாளிக்கு ஸ்கேன் எடுப்பது மாதிரிதான். திறந்து பார்த்தேன். நினைவகம் முழுக்க எங்கள் பெரியப்பா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாண ஆல்பத்துக்கு எடுக்கிற கேமராவில் எடுத்த படம் அது. ஃபைலாக இருக்கும்போது சுருண்டு கிடக்கும். திரையில் காட்ட விரித்தால் பத்து மடங்கு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பார்த்திபனின் ப்ரோகிராம் ஒவ்வொரு சுற்றிலும் எல்லார் படத்தையும் ஒரேயடியாகப் புதிதாக விரித்து, காட்டி முடித்ததும் தூக்கிப் போடாமல், ஒரு லிஸ்டில் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொண்டே போனது. பெரியப்பாவுக்குப் பின்னால் பெரியப்பா, அவருக்குப் பின்னால் தனசேகரன், மறுபடி பெரியப்பா. அன்றைக்கு வந்த நோயாளிகளின் பெயர், வயது, வியாதி எல்லாம் சேர்ந்து பிடித்த இடம் பெரியப்பாவின் மீசையில் பாதி கூட இல்லை.

ஜாவாவில் குப்பை அள்ள ஒரு ஆள் உள்ளேயே உண்டு. கல்யாணப் பந்தியில் இலை எடுக்கிறவரைப் போல. ஆனால் சாப்பிட்டு முடித்தவர்கள் இலையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றால் அவர் எதை எடுப்பார்? வரிசையில் போவார், வருவார், மறுபடி போவார். அடுத்த பந்தி வாசலிலேயே நிற்கும். அதுதான் நடந்துகொண்டிருந்தது.

இதற்கு மேல் ஒன்று இருந்தது. ப்ரோகிராமைத் தொடங்கும் வரியில், ஒரு ஜி.பி.க்கு மேல் தொடாதே என்று பார்த்திபன் அன்றைக்கே எழுதி வைத்திருந்தான். யாரும் அதை மாற்றவில்லை. மேளதாளத்தோடு வந்த ராம் ஒன்றைக்கூட அந்தப் ப்ரோகிராம் இதுவரை தொட்டதே இல்லை. உள்ளே போனது உபயதாரர்களின் முகம் மட்டும்தான். அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன்.

நான் யார் பெயரையும் நீக்கவில்லை, சத்தியமாக. படங்களைத் திரைக்கு வேண்டிய அளவுக்குச் சிறிதாக்கினேன். ஒன்றைக் காட்டி முடித்ததும் விட்டுவிட்டு அடுத்ததை எடு என்று மாற்றி எழுதினேன். அவ்வளவுதான். எல்லா முகமும் பளிச்சென்று வந்தது, டோக்கனும் சரசரவென்று ஓடியது. "மெய்யாலுமா நிக்காதுக்கா?" என்று புவனா மூன்று தடவை கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டு விழாவும் வந்தது. எண்கள் தடையில்லாமல் போயின. மலையிலிருந்து வந்திருந்த சின்னக்குழந்தை என்ற அம்மாள், போன தடவை பஸ்ஸைத் தவறவிட்டு இங்கேயே படுத்துக் கிடந்தவர், இந்த முறை டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். மற்றவர்களும் அப்படித்தான் போனார்கள். சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றபோது கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. அவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. "கூட்டம் கொஞ்சம் கம்மிதான்" என்று மரியாதையாகச் சொல்லி, இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"இன்னாம்மா சிவசங்கரி, ஜனங்க எங்க?"

"வைத்தியம் பாத்துக்கினு போய்ட்டாங்க பெரியப்பா. எல்லாருக்கும் முடிஞ்சிடுச்சிங்க."

"முடிஞ்சிடுச்சா? யாரக் கேட்டு முடிச்சீங்க?"

தனசேகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எட்டு ஜி.பி. குடுத்தவன் நானு. முன்னல்லாம் ஒரு ஆளு வந்தான்னா மூணு மணி நேரம் குந்திக்கினு என் மூஞ்சியப் பாப்பான். இப்ப வர்றான், ஊசி போட்டுக்கிறான், போய்க்கினே கீறான். அப்ப நான் இன்னாத்துக்குக் குடுத்தேன்?"

"அதான நானும் கேக்கறேன்" என்றார் கோபால். "இது ஓடிக்கினே இருந்தா இனிமே உபயம்னு யாரு இன்னாத்தக் குடுக்கறது?"

நான் வாயைத் திறக்குமுன் பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அந்த அதிகாரியை மறுபடி அழைக்கப் போகிறார். அதற்குள் பார்த்திபன் எழுதியது அப்படியே திரும்ப வந்தாக வேண்டும். இல்லையென்றால், என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விட்டதற்காகப் புவனா அன்றோடு வீட்டுக்குப் போகலாம்.

"முடியாது" என்றேன். "ஓட்றத நிறுத்தறதுக்கா நான் படிச்சேன்? நோயாளிங்கள உங்க மூஞ்சியப் பாக்க வெக்கறதுக்கா ஆஸ்பத்திரி?" அதற்கு மேலும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். நாலு பேர் முன்னால் நியாயம் பேசுவது நன்றாகத்தான் இருந்தது. புவனா என் கையைப் பிடித்து இழுத்து மருந்து அறைக்குக் கூட்டிப் போனாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"பழசையே போட்ருக்கா" என்றாள்.

"இன்னாடி சொல்ற? உனக்காகத்தான சண்ட போட்றேன்."

"எனக்கா? உனக்கு பெங்களூரு கீதுக்கா. எனக்கு அந்த ஸ்டூலுதான் கீது. உன் ரோஷத்துக்கு என் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

வெட்கமாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்து பார்த்திபனின் பழைய ப்ரோகிராமை எடுத்து, ஒரு வரி கூட மாற்றாமல் போட்டுக் கொடுத்தேன். புவனா பக்கத்திலேயே நின்று, சரியாகப் போட்டுவிட்டேனா என்று பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தபோது கூடத்தில் நிற்க இடமில்லை. நாலாவது டோக்கனோடு எல்லாம் அசையாமல் நின்றிருந்தது. திரையில் கோபால் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். "பாருங்க சார், எம்மாங் கூட்டம்!" என்று பெரியப்பா கையை விரித்துக் காட்டினார். அதிகாரி அசந்து போய்விட்டார். பிறகு பெரியப்பா மைக்கைப் பிடித்து, "நம்ம சிஸ்டத்தப் பழயபடி சரி பண்ணிக் குடுத்தது எங்க வூட்டுப் பொண்ணு" என்று சொல்லி, என்னை முன்னால் அழைத்து, அதிகாரி கையால் எனக்குப் பொன்னாடை போர்த்த வைத்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். மலைக்குப் போகும் பஸ் கிளம்பிப் போன சத்தம் வெளியே கேட்டது. அதில் போயிருக்க வேண்டியவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை தட்டினார்கள். எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவள், தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புவனா.