நூற்றியொன்றாம் பதிப்பு

ஜெயபாண்டிக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகும் மாமனார் சோலைமுத்துவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. மாப்பிள்ளை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்துகிறார், சரி. சொந்த ஊரான எப்போதும்வென்றானில் பன்னிரண்டு ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது, ரொம்பச் சரி. ஆனால் ஓய்ந்த நேரமெல்லாம் உட்கார்ந்து எதையோ எழுதி, ஊர் உலகத்துக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாராமே, அது என்ன பழக்கம்?

சோலைமுத்து தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. சாம்பிள் என்று நாலு பெட்டி கொடுப்பது அவருக்குத் தெரியும். சரக்கையே சாம்பிளாகக் கொடுக்கிற வியாபாரத்தை அவர் கேள்விப்பட்டதில்லை.

ஜெயபாண்டி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தான். அவன் எழுதியது தமிழ் எழுத்துருக்களை மாற்றும் நிரல். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் கோழி கிண்டின மாதிரி தெரியும். அதைச் சரியான எழுத்தாக மாற்றித் தரும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். சிவகாசியில் ஓர் அச்சகம்கூட அதைத்தான் வைத்து ஓட்டுகிறது என்றான். சோலைமுத்து அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையை அந்த அச்சகத்திலேயே அடிப்போம், மாப்பிள்ளை சரக்கு எப்படி என்று பார்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

இது 2007-ஆம் வருஷம் தை மாதம். கல்யாணம் மாசி இருபது.

அந்த நிரல் மூன்று கணினி மொழிகளில் இருந்தது: பெர்ல், பைத்தான், ரூபி. அந்தந்த மொழிக்காரர்கள் இணையத்தில் ஒரு பொதுக் கிட்டங்கி வைத்திருப்பார்கள். சரக்கை அங்கே எண் போட்டு ஏற்றிவிட்டால், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்வார்கள். இதுவரை 0.8 என்று ஓடிக்கொண்டிருந்ததை, கல்யாணத்துக்கு முன்னால் 1.0 என்று முழுசாக வெளியிட வேண்டும் என்பது ஜெயபாண்டியின் ஆசை. ஏழு வருஷ உழைப்பு. அதற்கு முதலில் ஒரு வெள்ளோட்டம் விட வேண்டும். நாலு பேர் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வார்கள்.

வெள்ளோட்டப் பதிப்புக்கு எண் வைப்பதில்தான் மொழிக்கு மொழி சம்பிரதாயம் வேறு. பெர்லில் எண்ணுக்குள் ஓர் அடிக்கோடு போட்டால் போதும், பொதுஜனம் கண்ணில் படாது. பைத்தானில் b என்று ஓர் எழுத்தை ஒட்டினால் 1.0-ஐவிடச் சின்னது என்று புரிந்துகொள்ளும். ரூபிக்கு அந்தக் காலத்தில் எழுத்தே ஆகாது, எண் மட்டும்தான். ஆகவே 1.0-ஐவிடச் சின்னதாக 0.9 என்று போட வேண்டும். யாராவது வெள்ளோட்டத்தை வைத்து நிஜ வேலை பார்த்துவிடக் கூடாதே என்று, மாற்றித் தரும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘சோதனைக்கு மட்டும்’ என்று தானாக வரும்படி செய்திருந்தான் ஜெயபாண்டி.

எல்லாம் தயாரான அன்றைக்கு ஊரில் உளுந்து அடிக்க ஆள் வந்துவிட்டது என்று தாக்கல் வந்தது. கிளம்பிப் போனான். வெள்ளோட்டத்தை ஏற்றும் பொறுப்பு, அவன் கட்டிக்கொள்ளப்போகும் பிரேமலதாவுக்கு வந்தது. அவள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எம்.எஸ். ஆபீஸ் சொல்லிக்கொடுப்பவள், சொன்னதைச் சொன்னபடி செய்வாள். பெர்லும் பைத்தானும் எண்ணோடு தயாராக இருந்ததால் சிக்கலில்லாமல் ஏறிவிட்டன. ரூபி மட்டும் எண் கேட்டு நின்றது. போன் போட்டாள். எப்போதும்வென்றானில் அன்றைக்குக் கண்மாய்க் கரை மேல் ஏறினால்தான் சிக்னல். ஏறி நின்று கத்தினான்.

“ரூபிக்கு ஒண்ணு பாயிண்ட் சைபருக்கு முன்னாடி ஒரு நம்பரப் போட்டு ஏத்திரு.”

லைன் அறுந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஜெயபாண்டி ஊரிலிருந்து திரும்பினான். வந்திருந்த குறைகளைத் திருத்தினான், ‘சோதனைக்கு மட்டும்’ என்பதை எடுத்தான், மூன்று கிட்டங்கியிலும் 1.0 என்று ஏற்றினான். வேறெதையும் பார்க்கவில்லை. மனசு நிறைந்திருந்தது.

அதே வாரம் சோலைமுத்து அச்சகத்துக்குப் போன் போட்டார். பத்திரிகையின் மாதிரியைப் பார்த்துச் சரி சொல்லியாகிவிட்டது. ஆனால் மைத்துனர் உக்கிரபாண்டி பெயர் விட்டுப்போச்சு, அதைச் சேருங்கள் என்றார். அச்சகத்தில் இருந்த வெயிலுமுத்துவுக்கு நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அமைத்துக் கொடுத்த ஆள் பெங்களூர் போய்விட்டார். திரையில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ரூபிக் கிட்டங்கியில் எது பெரிய எண்ணோ அதை இறக்கி மாற்றிக் கொடுத்துவிடும். அழுத்தினார். மறுபடி மாதிரி எதற்கு, ஒரு பெயர்தானே என்று எண்ணூறு பத்திரிகையையும் அடித்து பஸ்ஸில் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு சோலைமுத்துவிடமிருந்து போன். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பத்திரிகையை அவர் போனிலேயே வாசித்தார்.

“மணமகன் ஜெயபாண்டி, சோதனைக்கு மட்டும். மணமகள் பிரேமலதா, சோதனைக்கு மட்டும். திருமாங்கல்யதாரணம், சோதனைக்கு மட்டும். இங்கன வாரும் மாப்ள.”

ஜெயபாண்டி ரூபிக் கிட்டங்கியைத் திறந்து பார்த்தான். அவனுடைய 1.0 இருந்தது. அதன் தலைக்கு மேலே 101.0 இருந்தது.

பிரேமலதாவைக் கூப்பிட்டான். அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

“நீங்கதான ஒண்ணுக்கு முன்னாடி ஒரு நம்பரப் போடச் சொன்னீய. வெறும் ஒம்போது போட்டா தொண்ணூத்தியொண்ணு, நல்லாவா இருக்கும்? பத்து போட்டேன். நூத்தியொண்ணு. நல்ல காரியத்துக்கு மொய் மாதிரி மங்களமா இருக்கட்டும்னுதான்.”

ஒன்றுக்குக் குறைந்த எண் என்று அவன் சொன்னது, ஒன்றின் இடப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. பூமியில் உள்ள ரூபிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இனி 101-தான் புதுசு, 1.0 பழசு.

தீப்பெட்டி ஆபீஸில் சோலைமுத்து மேசை மேல் பத்திரிகைக் கட்டு. இதில் நாற்பதை உக்கிரபாண்டி தன் பெயர் வந்த சந்தோஷத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் கயத்தாறு பக்கம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ‘மதிய விருந்து, சோதனைக்கு மட்டும்’ என்பதைப் படித்த ஒருவர், சாப்பாடு உண்டா, இல்லை ருசி பார்க்க மட்டுமா என்று விசாரித்திருந்தார். இன்னொருவர் மாப்பிள்ளைக்கு ஏதும் வைத்தியம் நடக்கிறதா என்று கேட்டாராம்.

யார் செய்த வேலை இது என்று சோலைமுத்து கேட்டார்.

பிரேமலதாவும் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள். ஜெயபாண்டி அவளைப் பார்க்காமல் சொன்னான்: “என் தப்புதான் மாமா. நம்பரு மாறிப்போச்சு.”

சோலைமுத்து பத்திரிகையை மடித்து வைத்தார். ஒரு எண்ணை ஒழுங்காகப் போடத் தெரியாதவர் குடும்பத்தை எப்படி நடத்துவார் என்றார். சும்மா கிடைப்பது சும்மாதான் என்று அப்போதே நினைத்தேன் என்றார். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைப்போம், அதற்குள் யோசிப்போம் என்றார்.

“அப்பா, அவிய பொய் சொல்லுதாவ,” என்றாள் பிரேமலதா. “நம்பரு போட்டது நான்.”

நடந்ததைச் சொன்னாள். கண்மாய்க் கரை, அறுந்த லைன், மங்களமான நூற்றியொன்று எல்லாம். சோலைமுத்து மகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை மாப்பிள்ளை பக்கம் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார்.

“ஏட்டி, உன்னை வச்சு நான் இருவத்தஞ்சு வருஷம் ஓட்டிட்டேன். இனிமே இந்தத் தம்பி என்ன பாடு படப் போகுதோ.” அவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “நாள மாத்த வேண்டாம் மாப்ள. மாத்தினா நீரு யோசிச்சிருவீரு.”

காப்பி வந்தது. இப்போது என்ன செய்வது என்று சோலைமுத்து கேட்டார். ஜெயபாண்டி விளக்கினான். 101-ஐக் கிட்டங்கியில் அழித்தாலும் அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இறங்கினது இறங்கினதுதான். அதைத் தாண்டுகிற எண்ணாக ஏற்றினால்தான் பொத்தான் புதுசை எடுக்கும். 102 என்று போட வேண்டும். போட்டுவிட்டால் பிறகு ஒருநாளும் கீழே இறங்க முடியாது. ஏழு வருஷம் காத்திருந்த 1.0-க்கு ரூபியில் முழுசாகச் சில நாள்கூட ஆயுசு இல்லை. ஜெயபாண்டி காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தான்.

பிறகு தன் பிரவுசிங் சென்டருக்குப் போய் 102.0 என்று அவனே தட்டினான். பிரேமலதாவைக் கீபோர்டுப் பக்கம் விடவில்லை. வெயிலுமுத்து பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை மாதிரியை சோலைமுத்துவே சிவகாசிக்குப் போய், விரல் வைத்து, மூன்று முறை படித்துவிட்டு வந்தார்.

மாசி இருபதாம் தேதி மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. கயத்தாறு ஆட்கள் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்று அவர்களில் ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். சோலைமுத்து துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணு எழுதியிருக்காவ. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? நூத்தி ரெண்டாவது பதிப்பு போயிட்டிருக்கு. அவ்வளவு கிராக்கி.”

ஜெயபாண்டி விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். பக்கத்தில் மாலையும் கழுத்துமாகக் குனிந்திருந்த பிரேமலதா, தலையை நிமிர்த்தாமலே அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

“பேசாம இருங்க.”