சௌந்தரம் இரண்டு முறை சொன்ன சேதி

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் பொன்ராஜ் டீக்கடை வைத்திருந்தான். லாரி வேகம் குறைந்து ஓரங்கட்டும்போதே டிரைவருக்கு ஸ்ட்ராங்கா லைட்டா, கிளீனருக்குச் சீனி தூக்கலா குறைவா என்று பார்த்து அவன் கை ஆற்ற ஆரம்பித்துவிடும். யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம் பக்கத்து பஞ்சர் கடையில் லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்து இரும்பு வளையம் தெறித்து வந்து பொன்ராஜ் நெற்றியில் அடித்தது. அருப்புக்கோட்டையில் தையல் போட்டார்கள். கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தவன், நெற்றியில் ஒரு பள்ளத்தோடு சிரித்துக்கொண்டே கடைக்குத் திரும்பினான்.

"எமன் டீ குடிக்க வந்தாரு. கடை லீவுன்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

பழைய டிரைவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. புது ஆள் வந்தால்தான் தகராறு. "ரெண்டு டீ, ஒண்ணுல சீனி வேண்டாம்" என்பார்கள். பொன்ராஜ் தலையாட்டிவிட்டு பாய்லர் பக்கம் திரும்புவான். அதற்குள் ஒரு லாரி ஹாரன் அடிக்கும், ரேடியோவில் பாட்டு மாறும். திரும்பி வந்து, "என்ன கேட்டீக?" என்பான். போண்டா மாவில் போட்ட உப்பையே மறுபடி போட்டான். வேலை ஜாஸ்தி, அசதி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவனுக்கும் சௌந்தரத்துக்கும் குழந்தை இல்லை. புரட்டாசியில் ஒரு நாள் காலையில் அவள் கடைக்கே வந்தாள். அவன் வீடு வந்து சேரும்வரை அவளால் சேதியை மனசில் வைத்திருக்க முடியவில்லை.

"ஒரு சேதி. நமக்குப் புள்ள வரப்போகுது."

பால் பொங்கிக்கொண்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பின்னால் எடுத்த ஒரு லாரிக்கு, "வரலாம், வரலாம்" என்று கிளீனர் கத்திக்கொண்டிருந்தான்.

"அப்படியா, நல்லது" என்றான் பொன்ராஜ். "சீனி டப்பாவ எங்க வச்ச?"

சாயந்தரம் வந்து பேசுவான் என்று காத்திருந்தாள். பேசவில்லை. மறுநாளும் இல்லை. அவள் சோற்றைக் கண்டு முகம் சுளித்தபோது, "பித்தம் ஏறியிருக்கும். சுக்குத் தண்ணி குடி" என்றான். அதற்கப்புறம் சௌந்தரம் இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு, "அண்ணே வீட்டுக்குப் போறேன்" என்று திருச்சுழி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவன் எதற்கென்று தெரியாமல் குழம்பினான். ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தானும் பஸ் ஏறினான். பக்கத்து சீட்டுக்காரர் மாடு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்ததில் திருச்சுழியைத் தாண்டி நரிக்குடியில் போய் இறங்கினான். திரும்பி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

சௌந்தரத்தின் அண்ணன் நல்லகண்ணு முற்றத்தில் மிளகாய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள" என்றார். வாய் சிரிக்கவில்லை.

சௌந்தரம் வாசலில் நின்றே கேட்டாள். "நான் கடையில வந்து சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

"என்ன சொன்ன?"

அவள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

நல்லகண்ணு அவனுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார். "சாப்பிட்டுட்டுப் பேசுவம். கொளம்பு கொதிக்குது" என்றார். ஆடு ஒன்று வத்தலில் வாய் வைக்க வந்தது, விரட்டினார்கள். திரும்பி உட்கார்ந்ததும் பொன்ராஜ் கேட்டான், "மச்சான், சாப்பாடு ஆயிருச்சா?" கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டுவண்டி போனது. அது போனதும் மறுபடி அதையே கேட்டான்.

நல்லகண்ணு அவன் நெற்றிப் பள்ளத்தையே பார்த்தார். அடுப்படிக்குப் போய்த் தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னார். "இது வீம்பு இல்ல தாயி. அவருக்கு என்னமோ ஆயிருக்கு."

மூன்று பேருமாக மதுரைக்குப் போய் ஒரு மூளை டாக்டரைப் பார்த்தார்கள். அவர் கதவைத் திறந்து வைத்து, வராந்தாச் சத்தத்துக்கு நடுவே சில வார்த்தைகளைச் சொன்னார். கிணறு, குடை, எருமை, ரயில், முருங்கைக்காய். வேறு என்னமோ பேசிவிட்டு அவற்றைத் திருப்பிக் கேட்டார். எருமை மட்டும் வந்தது. அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வேறு வார்த்தைகள் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினார்.

"பூட்டுன்னு சொன்னேன். எந்தப் பூட்டு?"

"எங்க கடைப் பூட்டுதான். சாவியக் குத்தி ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் தொறக்கும்."

இப்படியே எல்லாவற்றுக்கும் சொன்னான். டாக்டர் மறுபடி ஊர்க்கதை பேசிவிட்டுக் கேட்டபோது ஒன்று விடாமல் வந்தது. சௌந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஞாபகப் பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "ஒரு விஷயம் அதுல போய்த் தங்கணும்னா முதல்ல மனசு அதுல நிக்கணும். நாலு சத்தத்துல எதைப் பிடிக்கிறது, எதை விடுறதுன்னு பார்க்குறதுல பெரும் பங்கு நெத்திக்குப் பின்னால இருக்குற மூளைக்கு. இவருக்கு அடி அங்கதான். கொஞ்சம் கொஞ்சமாத் தேறும். முழுசாத் தேறுமான்னு இப்ப சொல்ல முடியாது."

"அப்ப நான் சொன்னத இவுக வேணும்னு விடல" என்றாள் சௌந்தரம்.

"காதுல விழுந்திருக்கும்மா. உள்ள பதியல. அவ்வளவுதான்."

நல்லகண்ணு பஸ் விசாரிக்கப் போனார். சௌந்தரம் அவனை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஆளில்லாத புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அவன் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"என் மூஞ்சியப் பாருங்க. நமக்குப் புள்ள வரப்போகுது."

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். "நெசமாவா?"

"சித்திரையில. தொட்டில எங்க கட்டுவீக?"

பொன்ராஜ் கண்ணை மூடி யோசித்தான். "கடை உத்தரத்துல. நான் பாத்துக்கிட்டே டீ ஆத்துவேன்."

"பாய்லர் பக்கத்துலயா? நல்லாருக்கு. வீட்டுல சன்னல் ஓரமாக் கட்டுங்க."

"சன்னல்ல வெயில் வரும்ல?"

"துணி கட்டுங்க."

"எந்தத் துணி?"

தொட்டிலுக்கு எந்தச் சேலை என்று சண்டை முடிவதற்குள் நல்லகண்ணு வந்துவிட்டார். பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. காரியாபட்டியில் வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் ஜன்னலில் மொய்த்துக் கத்தினார்கள். பொன்ராஜ் மனைவி பக்கம் குனிந்து, "பச்சைச் சேலையே கட்டுவம். வெயில் தாங்கும்" என்றான். சௌந்தரம் வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரேடியோ கடையிலிருந்து வீட்டுக்குப் போனது. புது டிரைவர் வந்தால் பொன்ராஜ் கையிலிருப்பதை வைத்துவிட்டு எதிரில் வந்து நிற்பான். "எந்த ஊரு? சீனி எப்படி?" என்று கேட்டு, ஊரையும் சீனியையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுவான். "டீக்கு எதுக்கய்யா ஜாதகம்?" என்று முதலில் முணுமுணுத்தவர்கள்கூடப் பழகிவிட்டார்கள். கூட்டம் முட்டினால் இன்னும் தடுமாறத்தான் செய்தான். அப்போது சௌந்தரம் வந்து ஆட்களை ஒவ்வொருவராக அனுப்புவாள்.

சித்திரையில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. முத்துத்தாய் என்று பெயர் வைத்தார்கள். சேதி வந்த அன்று பொன்ராஜ் கடையைச் சாத்தாமலே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டான். நின்றிருந்த டிரைவர்களே டீ போட்டுக் குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு மண்டையில் பட்ட அடியை யாரும் குறை சொல்லவில்லை.